நான் தேர்ந்த கதவு

என் இதயத்தின் கதவுகளுள் ஒன்று திருவனந்தபுரத்தில் கடைந்து செய்யப்பட்டது. 1996ஆம் ஆண்டு, என் இருபத்தைந்தாம் வயதில், அது என் மார்புக்குள் பொருத்தப்பட்டது. நிமிடத்திற்கு 70 துடிப்பு என்று கணக்கிட்டால் ஒரு நாளில் ஓர் இலட்சம் முறைக்கும் மேலாக அது திறந்து மூடுகிறது. இதுவரை நூறு கோடி முறையைக் கடந்திருக்கும். பகலில் அதன் ஒலி எனக்குக் கேட்பதில்லை. இரவின் அமைதியில் இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்தால் மட்டும், தொலைவில் யாரோ நகத்தால் மேசையைத் தட்டுவதுபோல் மெல்லக் கேட்கும்.

இதயத்தில் நான்கு வால்வுகள் உண்டு என்பதை நீங்கள் அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். இடப்பக்கத்து மேலறைக்கும் கீழறைக்கும் இடையில் இருப்பது ஈரிதழ் வால்வு. எங்கள் கடற்கரை ஊர்களின் கோவில் திருவிழாக்களில் ஆயர் அணிந்து வரும் இருகூர்த் தொப்பியைப் போன்ற தோற்றம் உடையதால், அத்தொப்பிக்குரிய 'மைட்டர்' என்னும் பெயரையொட்டி அதற்கு மைட்ரல் வால்வு என்றும் பெயர். நுரையீரலில் தூய்மையான குருதியைக் கீழறைக்குள் விடுவதும், விட்டதை மேலே திரும்பவிடாமல் தடுப்பதும் அதன் வேலை. கிணற்றடி மோட்டாரின் ஃபுட் வால்வைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

எனக்குப் பழுதானது அந்த வால்வுதான். பதினோராம் வயதில் தொண்டை வலியோடு காய்ச்சல் வந்தது. சில வாரங்கள் சென்றபின் முழங்கால் வீங்கியது. அது வடிந்ததும் கணுக்கால் வீங்கியது. எண்ணெய் தடவி, ஒத்தடம் கொடுத்து, எல்லாம் தீர்ந்தது என்று வீட்டில் நிம்மதி அடைந்தார்கள். அது ருமாட்டிக் காய்ச்சல். தொண்டையைத் தாக்கிய கிருமியோடு போரிடக் கிளம்பும் உடலின் எதிர்ப்பாற்றல், அடையாளம் தவறித் தன் இதயத்தையே தாக்குவது அந்நோயின் இயல்பு. மூட்டை நக்கிவிட்டு இதயத்தைக் கடிக்கும் நோய் என்று மருத்துவர்கள் இதனைக் கூறுவதுண்டு. நோய் கண்ட சிறாருக்கு மூன்று வாரங்களுக்கு ஒரு முறை பென்சிலின் ஊசியைப் பல ஆண்டுகள் இடைவிடாது போட்டுவந்தால் மேலும் கேடு வராமல் பெரும்பாலும் தடுக்கலாம். ஊசியின் விலை மிகச் சிறிது. நெருக்கமாக வாழும் ஏழைக் குடியிருப்புகளில் இந்நோய் இன்றும் இருப்பதற்கு மருந்து கிடைக்காமை மட்டும் காரணமன்று. தொண்டை வலியை யாரும் ஒரு நோயாகவே எண்ணாததும் காரணம்.

பாம்பனில் எங்கள் வீடு. மதுரையில் முதுகலை முடித்து, ஆசிரியப் பயிற்சியும் பெற்று, பணியில் சேர்ந்திருந்த காலத்தில் படியேறினால் மூச்சு வாங்கத் தொடங்கியது. பிறகு மல்லாந்து படுக்க முடியாமல் போயிற்று. மூன்று தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடி தூங்கினேன். மதுரையில் எதிரொலிப் படம் எடுத்துப் பார்த்தார்கள். வால்வு தடித்துச் சுருங்கி, சுண்ணாம்பு படிந்து, சரியாகத் திறக்கவும் மாட்டாமல் மூடவும் மாட்டாமல் இருந்தது. சுருக்கம் மட்டுமாக இருந்தால் பலூன் செலுத்தி விரித்திருக்கலாம். கசிவும் சேர்ந்துவிட்டதால் வால்வை மாற்றுவதொன்றே வழி என்றார்கள். மாற்றுவது என்று முடிவான பின்புதான் உண்மையான கேள்வி எழுந்தது. எதைக் கொண்டு மாற்றுவது?

செயற்கை வால்வுகளில் இரண்டு பெரும் வகைகள் உள்ளன. உலோகத்தாலும் கார்பனாலும் நெகிழியாலும் செய்தவை ஒருவகை. பன்றியின் வால்வையோ மாட்டின் இதய உறையையோ பதப்படுத்திச் செய்த திசு வால்வுகள் மற்றொரு வகை. எங்கள் தெருவின் அடிபம்பை வைத்து இவற்றை நான் புரிந்துகொண்டேன். அடிபம்புக்குள் இருக்கும் தோல் வாசர் இழைந்து வேலை செய்யும். தண்ணீரோடு சண்டையிடாது. ஆனால் தேயும். தேய்ந்தால் பம்பைப் பிரித்துத்தான் ஆகவேண்டும். திசு வால்வும் ஒருவகையில் தோல் பதனிடுவதைப் போன்ற முறையில்தான் பதப்படுத்தப்படுகிறது. முதியவர் உடலில் அது நெடுங்காலம் தாங்கும். இளையவர் உடலிலோ விரைவில் சுண்ணாம்பேறிக் கெட்டுவிடும். இருபது வயதில் பொருத்தினால் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில், சிலருக்கு அதற்கும் முன்பாக, மீண்டும் மார்பைத் திறக்க நேரும்.

உலோக வால்வு வாழ்நாள் முழுவதும் உழைக்கவல்லது. அதற்கும் ஒரு விலை உண்டு. அயற்பொருளின்மேல் குருதி உறையும். உறைந்த கட்டி வால்வை முடக்கலாம். மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்கலாம். ஆகவே குருதி உறைவதைத் தாமதப்படுத்தும் மாத்திரையை இறுதிவரை நாள்தோறும் விழுங்க வேண்டும். குறைந்தால் உறையும்; மிகுந்தால் நிற்காமல் கசியும். அளவு சரிதானா என்று அடிக்கடி குருதியைச் சோதித்துப் பார்க்க வேண்டும். ஐ.என்.ஆர். என்னும் அந்த அளவு நலமானவர்க்கு 1 என்று இருந்தால், ஈரிதழ் வால்வை உலோகத்தால் மாற்றிக்கொண்டவர்க்கு 2.5இலிருந்து 3.5க்குள் இருக்கவேண்டும்.

அந்த மாத்திரையின் பிறப்பே ஒரு கதை. 1920களில் வட அமெரிக்காவில் கெட்டுப்போன இனிப்புக் குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள் சிறு காயத்துக்கே குருதி நிற்காமல் இறந்தன. 1933இல் விஸ்கான்சின் மாநிலத்து உழவர் ஒருவர், உறையாத குருதி நிறைந்த பால்கேன் ஒன்றையும் இறந்த மாட்டையும் ஏற்றிக்கொண்டு, பனிப்புயலில் ஆய்வாளர் கார்ல் லிங்க்கைத் தேடி வந்தார். ஆண்டுக்கணக்கான உழைப்புக்குப் பின் அந்த வைக்கோலின் நஞ்சு எதுவென்று லிங்க்கின் குழுவினர் பிரித்தறிந்தனர். அதன் வழியில் உருவான வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1950களில் மனிதருக்கு மருந்தாயிற்று. நஞ்சுக்கும் மருந்துக்கும் இடையில் அளவு மட்டுமே நிற்கிறது என்று நம் முன்னோர் கூறியதை நான் நாள்தோறும் மாலையில் விழுங்குகிறேன்.

திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் என்னைப் பார்த்த அறுவை மருத்துவர் வால்வைப் பற்றி முதலில் பேசவில்லை. என் ஊர் எது, அங்கிருந்து குருதிச் சோதனைக்கு எவ்வளவு தொலைவு செல்லவேண்டும், என்ன வேலை, நின்றபடி செய்வதா, திருமணமாகிவிட்டதா, குழந்தை வேண்டும் என்ற எண்ணம் உண்டா என்று கேட்டார். நோயைப் பற்றிய கேள்விகளைவிட இவை நீளமாக இருந்தன. "உங்க உயிரை ரெண்டு வால்வும் காப்பாத்தும். எதோட வாழ முடியும்னு நீங்கதான் சொல்லணும்" என்றார். என் தந்தையையோ தாயையோ பார்த்து அவர் அதைச் சொல்லவில்லை. 1996இல், மணமாகாத ஒரு பெண்ணைப் பார்த்து அப்படிச் சொன்னது எங்கள் மூவரையுமே திகைக்கவைத்தது.

தாயின் கலக்கம் வேறு. உலோக வால்வென்றால் மாத்திரை. அந்த மாத்திரை கருவிலிருக்கும் குழந்தைக்குக் கேடு செய்யும். முதல் மூன்று மாதங்களில் அக்கேடு மிகுதி. அதற்கு மாற்றாக நஞ்சுக்கொடியைக் கடந்து செல்லாத ஹெப்பாரின் ஊசியை நாள்தோறும் போட்டுக்கொள்ளலாம் என்றாலும், அது வால்வைக் காப்பதில் அவ்வளவு உறுதியானதன்று. திசு வால்வில் இந்தத் தொல்லை இல்லை; அறுவைக்குப் பின் சில மாதங்களோடு மாத்திரையை நிறுத்திவிடலாம். "அதையே வச்சுக்கம்மா. புள்ள பெத்து வளத்துட்டு, அப்புறம் மறுபடி பாத்துக்கலாம்" என்றார் அம்மா. அவர் சொன்னதில் பிழையில்லை. மருத்துவ நூல்களும் ஏறக்குறைய அதையே கூறுகின்றன.

தந்தை பாம்பனில் விசைப்படகு எஞ்சின்களைப் பழுது பார்ப்பவர். அவருக்கு வால்வு என்றால் கையால் தொட்டுப் பார்க்க வேண்டிய பொருள். காட்சிக்கு வைத்திருந்த மாதிரி ஒன்றை மருத்துவர் அவரிடம் கொடுத்தார். அதுதான் சித்திரா வால்வு. மருத்துவர் எம். எஸ். வலியத்தானின் தலைமையில் அந்நிறுவனத்தின் மருத்துவர்களும் பொறியாளர்களும் பத்தாண்டுக்கும் மேலாக உழைத்து உருவாக்கியது. முதலில் செய்த வடிவங்கள் சோதனையில் தோற்றன. செயற்கை நீலக்கல்லால் வட்டு செய்து பார்த்ததும் உண்டு, அது நிலைக்கவில்லை. இறுதியில் கோபால்ட்டும் குரோமியமும் கலந்த வன்மையான உலோகக் கலவையில் வளையமும், மிகை மூலக்கூறு எடையுள்ள பாலித்தீனில் சாயும் வட்டும், தையல் போடுவதற்குப் பாலியெஸ்டர் துணி விளிம்பும் என்று அமைந்தது. ஆடுகளில் சோதித்த பின் 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தினார்கள். அயல்நாட்டு வால்வைவிட விலை வெகுவாகக் குறைவு.

தந்தை அதை வெளிச்சத்தில் பிடித்து, வட்டை நகத்தால் சாய்த்துப் பார்த்தார். வலை முறுக்கும் நூலும் பாலித்தீன் இனம்தான் என்று அறிந்தவுடன் அவர் முகம் சற்றுத் தெளிந்தது. பிறகு, "இதுல பத்து வச்ச இடம் எங்க இருக்கு?" என்று கேட்டார். உப்புக் காற்றில் முதலில் விட்டுப்போவது பற்றவைத்த இடம் என்பது அவருடைய முப்பதாண்டுப் பட்டறிவு. மருத்துவர் வியப்போடு நிமிர்ந்தார். உலகப் புகழ் பெற்ற ஓர் அயல்நாட்டு வால்வின் குறிப்பிட்ட வடிவம் ஒன்றில் வட்டைத் தாங்கும் கம்பி பற்றவைத்த இடத்தில் முறிந்து நூற்றுக்கணக்கானோர் இறந்ததையும், 1986இல் அது கைவிடப்பட்டதையும் எங்களுக்குச் சொன்னார். சித்திரா வால்வின் வளையமும் தாங்கு கம்பிகளும் ஒரே உலோகக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்தவை. பற்று என்பதே இல்லை. தந்தை வால்வைத் திருப்பிக் கொடுத்தார். அதன்பின் அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. அவரைப் பொறுத்தவரை அந்த ஆய்வு முடிந்துவிட்டது.

எனக்கு முடியவில்லை. ஆறே ஆண்டு அனுபவமுள்ள வால்வு என்பது ஒரு தயக்கம். குழந்தை என்பது மற்றொன்று. மறுபக்கம் இரண்டாம் அறுவையை எண்ணிப் பார்த்தேன். அந்நாளில் அரசுக் காப்பீட்டுத் திட்டம் இல்லை. இம்முறை செலவுக்காகத் தந்தை தம் பட்டறையை அடமானம் வைத்திருந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அவருக்கு எழுபதை நெருங்கும் வயது. எதை வைப்பார்? ஆனால் நான் ஆசிரியர். மாதத்துக்கு ஒரு நாள் இராமநாதபுரம் சென்று குருதி கொடுத்துவர என்னால் முடியும். மாத்திரையை மறக்கும் இயல்பும் எனக்கில்லை. ஆகவே உலோகம் என்றேன். அன்று இரவு அம்மா உணவு கொள்ளவில்லை.

அடுத்த படுக்கையில் எங்கள் பகுதியைச் சேர்ந்த மற்றொரு பெண் இருந்தாள். வயது இருபத்தொன்று. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிக் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் குடும்பம். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, காலில் செருப்பைக் கட்டிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கி, பவளப்பாறைகளிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பறிக்கும் தொழில். பாறை விரலை வெட்டாத நாளே இல்லை. அவளுக்கும் என்னைப்போலவே ஈரிதழ் வால்வு. அவளிடமும் மருத்துவர் அதே கேள்விகளைக் கேட்டார். "ரத்தம் நிக்காம போற மாத்திரையைத் தின்னுட்டு நான் எப்படி அக்கா கடல்ல இறங்குறது?" என்று என்னிடம் கேட்டாள். அவள் திசு வால்வைத் தேர்ந்தாள். உறவினரும் ஊராரும் பணம் திரட்டினார்கள். ஒரே வாரத்தில் இருவருக்கும் அறுவை நடந்தது. ஒரே நோய், ஒரே கடற்கரை, ஒரே மருத்துவர். இரு வேறு விடைகள். இரண்டுமே சரியான விடைகள் என்று அன்று என்னால் விளங்கிக்கொள்ள இயலவில்லை. யாரோ ஒருவர் ஏமாந்துவிட்டதாகவே தோன்றியது.

பின்வந்த ஆண்டுகளைப் பற்றி விரிவாகச் சொல்ல அதிகமில்லை. மாத்திரையோடு வாழ்வது பெரும்பாலும் சிறு சிறு கவனங்களால் ஆனது. பச்சைக் கீரைகளில் உள்ள கே உயிர்ச்சத்து அம்மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும். கீரையை விலக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் முருங்கைக்கீரையாகத் தின்று மறுவாரம் அறவே விடுவதுதான் தவறு. தலைவலிக்கும் கால்வலிக்கும் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகள் ஆகா. பல் பிடுங்கும் முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இராமநாதபுரம் மாவட்டத்தில் சீமைக் கருவேல முள்ளிலிருந்து யாரும் தப்ப முடியாது. வெறுங்காலோடு வாசலில் இறங்கும் வழக்கத்தை அறவே விட்டேன். கெளுத்தி மீனை ஆய்வதை என் கணவர் ஏற்றுக்கொண்டார்.

ஆம், திருமணம் நடந்தது. அனைத்தையும் அறிந்தே அவர் வந்தார். ஒருமுறை கருவுற்றேன். மாத்திரையை நிறுத்தி ஊசிக்கு மாறினோம். மூன்றாம் மாதத்தில் கரு தங்கவில்லை. மாத்திரை காரணமா, வேறு காரணமா என்பதை மருத்துவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. மறுமுறை முயலலாம் என்றார்கள். அந்த மூன்று மாதங்களில் கணவர் என் மூச்சை எண்ணியபடி இரவெல்லாம் விழித்திருந்ததை நான் பார்த்திருந்தேன். இருவரும் பேசி, வேண்டாம் என்று முடிவு செய்தோம். என் அண்ணன் மகள் எங்கள் வீட்டிலிருந்தே பள்ளிக்குச் சென்று வளர்ந்தாள். இதை இங்கே எழுதக் காரணம் உண்டு. தேர்வு என்ற சொல்லை நாம் எளிதாகப் பயன்படுத்துகிறோம். ஒன்றைத் தேர்வது மற்றொன்றை அறிந்தே விடுவதும் ஆகும். விட்டதன் நினைவு அவ்வப்போது வரும். வந்துவிட்டுப் போகும்.

மாணவர் சிலர் என்னிடம், "உங்களுக்கு வைத்தது அப்துல் கலாம் கண்டுபிடித்த வால்வா?" என்று கேட்பதுண்டு. எங்கள் தீவில் பிறந்த அவர்மீது எங்களுக்குள்ள உரிமை அப்படிக் கேட்கவைக்கிறது. கலாம், இதய மருத்துவர் சோமராஜுவுடன் சேர்ந்து 1990களில் உருவாக்கியது ஸ்டெண்ட். அது அடைபட்ட இதயக் குழாயை விரித்து வைக்கும் சிறு கம்பிச் சுருள், வால்வு அன்று. ஆனால் அந்த ஸ்டெண்டுக்கும் என் வால்வுக்கும் உறவு உண்டு. இறக்குமதிப் பொருளின் விலையைக் கண்டு நோயாளிகள் வீடு திரும்புவதைப் பார்த்த மருத்துவர்களும் பொறியாளர்களும் ஒரே மேசையில் அமர்ந்ததன் விளைவுகள் இவை. சித்திரா வால்வு இன்றுவரை ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பொருத்தப்பட்டுள்ளது. வலியத்தான் பிற்காலத்தில் சரகரையும் சுசுருதரையும் ஆழ்ந்து கற்று நூல்கள் எழுதினார், 2024இல் மறைந்தார். அவரை நான் நேரில் கண்டதில்லை.

பாசி எடுக்கும் அந்தப் பெண்ணுக்கு இரண்டு குழந்தைகள் பிறந்தன. 2010இல் அவருடைய திசு வால்வு சுண்ணாம்பேறிக் கெட்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான் தமிழ்நாட்டில் உயிர் காக்கும் உயர் சிகிச்சைக்கான கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியிருந்தது. எந்தச் செலவுக்கு அஞ்சி நான் அந்த வழியை விட்டேனோ, அந்தச் செலவைப் பெரும்பாலும் அரசே ஏற்றது. பதினான்கு ஆண்டுகளில் உலகம் இவ்வாறு மாறும் என்று 1996இல் யாரும் சொல்லியிருக்க முடியாது. அப்போது அவர் கடலில் மூழ்குவதை விட்டு, பாக் நீரிணையின் கரையோரத்தில் மூங்கில் மிதவைகளில் பாசி வளர்க்கும் குழுவில் சேர்ந்திருந்தார். கயிற்றில் விதைப்பாசி கட்டும் வேலை. பாறை விரலை வெட்டுவதில்லை. குழந்தைகளும் வளர்ந்துவிட்டனர். மருத்துவர் மீண்டும் அதே கேள்விகளைக் கேட்டபோது இம்முறை அவர் உலோகம் என்றார்.

ஆகவே இப்போது நாங்கள் இருவரும் மாதம் ஒரு முறை இராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் ஒரே வரிசையில் நிற்கிறோம். 2022 முதல் அது மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அவர் பாம்பனிலிருந்து முதல் பேருந்தில் வந்துவிடுவார். எனக்கும் சேர்த்து இடம் பிடித்து வைப்பார். சென்ற மாதம் எனக்கு 3.1. அவருக்கு 2.2. சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கீரை ஏதும் கூடிப்போச்சா?" என்று கேட்டேன். பேரனுக்குப் பால் சுரக்கவேண்டும் என்று மகளுக்கு நாள்தோறும் முருங்கைக்கீரை ஆய்ந்து சமைத்ததாகவும், மிஞ்சியதைக் கொட்ட மனமில்லாமல் தாமே உண்டதாகவும் சொன்னார். மருத்துவர் மாத்திரையின் அளவைச் சற்றுக் கூட்டி எழுதி, பத்து நாளில் மறுபடியும் வரச் சொன்னார்.